கவனிப்பாரற்றுக் கிடக்கும் பழைய பாய்மரப் படகை வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் தென்கரையிலோ எசெக்ஸ் கழிமுகங்களிலோ எந்தப் படகு யார்டுக்குள் நுழைந்தாலும், வேலியோரத்தில் பச்சைப்பாசி ஏறி நிற்கும் பாய்மரப் படகுகள் நாலைந்தாவது கண்ணில் படும். பெரும்பாலும் 1970களிலும் 80களிலும் கட்டிய, 24 முதல் 30 அடி நீளமுள்ள ஃபைபர் படகுகள். விலை 500 பவுண்டு, 1,500 பவுண்டு. சில நேரம் ‘எடுத்துக்கொண்டு போனால் போதும்’. அப்படி ஒன்றின்மேல் கண் வைத்திருப்பவர்களுக்கானது இந்தப் பக்கம். எடுத்துக்காட்டு தேவைப்படும் இடங்களில் வெஸ்டர்லி நிறுவனம் கட்டிய சென்டார் என்ற படகைச் சொல்லியிருக்கிறோம். 26 அடி, இரட்டைக் கீல் (படகு கவிழாமலிருக்க அடியில் நீட்டிய கனமான பகுதி), லாரன்ட் ஜைல்ஸ் நிறுவனத்தின் வரைவு. 1969 முதல் 1980 வரை 2,400க்கும் மேல் கட்டினார்கள். அதனால் யார்டு வேலிகளில் அதிகம் சிக்குவதும் அதுதான். பவுண்டுக் கணக்குகள் எல்லாம் தோராயமானவை; ஊருக்கு ஊர், யார்டுக்கு யார்டு மாறும்.

இவ்வளவு மலிவாகத் தருகிறார்களே, என்ன கோளாறு?

சில நேரம் ஒரு கோளாறும் இருக்காது. உரிமையாளருக்கு வயதாகியிருக்கும், அல்லது இறந்துபோய்ப் பிள்ளைகள் விற்பார்கள். படகு தரையில் நிற்கும் ஒவ்வொரு மாதமும் யார்டுக்கு வாடகை கட்ட வேண்டும். அதை நிறுத்துவதற்காகவே விலையை அடிமட்டத்துக்கு இறக்குவார்கள்.

ஆனால் பொதுவாக நடப்பது வேறு. எஞ்சின் கெட்டுப்போகும், மாற்றும் செலவைக் கேட்டதும் உரிமையாளர் மலைத்துப் போவார், ‘அடுத்த வருடம் பார்க்கலாம்’ என்று தள்ளிவைப்பார். அந்த இடைவெளியில் மழைநீர் உள்ளே இறங்கும், குளிரில் உறையும், ஒரு கோளாறு ஐந்தாகும். ஆகவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது ‘என்ன ரிப்பேர்?’ என்பதல்ல, ‘கடைசியாக எந்த வருடம் கடலில் ஓடியது, ஏன் நிறுத்தினீர்கள்?’ என்பதுதான். பதில் மழுப்பலாக வந்தால் எஞ்சின் அறையைப் பாருங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

குறைந்த விலைக்கு வாங்கிச் சரிசெய்தால் லாபம்தானே?

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்த விஷயத்தில் அப்படியே பொருந்தும். 1,500 பவுண்டுக்கு ஒரு சென்டாரை வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கிரேன், சர்வே (நிபுணர் ஒருவரின் படகுப் பரிசோதனை) இரண்டும் சேர்ந்து 900. பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளைப் புதிதாகப் போட 1,800. பழைய பாய் தைப்பதற்கும் செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கவும் 1,000. சீகாக் (படகின் அடித்துளைகளை மூடும் வால்வு), குழாய்கள் 500. பேட்டரியும் வயரிங்கும் 500. அடிப்பெயின்ட், துத்தநாகக் கட்டிகள் (மற்ற உலோகங்கள் அரிக்காமலிருக்கத் தாம் கரைபவை), கயிறுகள் 600. காஸ் இணைப்பைப் புதுப்பிக்க 300. வேலை முடிய எட்டு மாதம் ஆனால் யார்டு வாடகை மாதம் 200 வீதம் 1,600. படகின் விலையையும் சேர்த்துக் கூட்டினால் 8,700 பவுண்டு. உங்கள் உழைப்புக்குக் கூலி போடவில்லை.

அதே சென்டார், நல்ல எஞ்சினோடு, போன வாரம்வரை கடலில் ஓடியது, 6,000 – 7,000 பவுண்டுக்கு விற்பனைக்கு இருக்கும். அதைச் சீராக வைத்திருக்க இன்னொருவர் பல வருடங்களாகப் போட்ட பணம் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

அப்படியென்றால் பழுதானதை வாங்கவே கூடாதா? வாங்கலாம், ஒரு நிபந்தனையோடு. உடலும் கீலும், எஞ்சின், பாய்மரமும் கம்பிகளும் என்ற மூன்றில் அதிகபட்சம் ஒன்று மட்டுமே கெட்டிருக்க வேண்டும். இரண்டு கெட்டிருந்தால் விலை பூஜ்யமானாலும் கணக்கு உதைக்கும். பாசி, மங்கிய பெயின்ட், பூஞ்சை நாற்றம், கிழிந்த மெத்தை, தொங்கும் கூரைத்துணி ஆகியவை பார்க்க அருவருப்பாக இருந்தாலும் உழைப்பால் தீர்பவை. வாங்குபவர்கள் இவற்றைப் பார்த்து ஓடிவிட்டு, பளபளப்பாகத் துடைத்த, கீல் ஆட்டம் கண்ட படகை வாங்குவதுதான் விசித்திரம்.

சர்வேயருக்குப் பணம் கட்டுவதற்கு முன் நானே எதையெல்லாம் பார்க்கலாம்?

நிறையவே பார்க்கலாம். டார்ச், சிறிய கண்ணாடி, பிளாஸ்டிக் கைப்பிடி உள்ள ஸ்க்ரூடிரைவர், பழைய துணி, கையுறை போதும். மழை பெய்த மறுநாள் போவது நல்லது. ஒழுகும் இடங்கள் தாமாகவே காட்டிக்கொடுக்கும்.

முதலில் காக்பிட்டை, அதாவது உட்கார்ந்து படகை ஓட்டும் திறந்த பள்ளத்தைப் பாருங்கள். அங்கே தண்ணீர் வடியும் துளைகள் இலைச்சருகால் அடைபட்டிருந்தால், மழைநீர் காக்பிட்டில் நிரம்பி, வாசல் விளிம்பைத் தாண்டிக் கேபினுக்குள் இறங்கியிருக்கும். உள்ளே போய்த் தரைப்பலகைகளைத் தூக்குங்கள். அடிக்குழியில் தண்ணீர் இருந்தால் விரலால் தொட்டு நுனிநாக்கில் வைப்பவர்களும் உண்டு; டீசலும் எண்ணெயும் மிதக்கும் தண்ணீரில் அதைச் செய்யாதீர்கள். அதைவிட, லாக்கர்களின் உட்சுவரிலும் எஞ்சினின் பக்கவாட்டிலும் கிடைமட்டமாக ஓர் அழுக்குக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் எந்த உயரம்வரை நின்றது என்பதை அது சொல்லிவிடும். அந்தக் கோடு ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மேலே இருந்தால் எஞ்சின் முழுகியிருக்கிறது.

அடுத்து, கேபினின் உட்கதவுகளை மூடித் திறந்து பாருங்கள். சென்டாரைப் போன்ற படகுகளில் பாய்மரம் டெக்கின் (மேல்தளத்தின்) மேலேயே நிற்கிறது. அதன் அழுத்தத்தைக் கீழே உள்ள தடுப்புச் சுவரோ தூணோ தாங்குகிறது. அந்த மரம் உளுத்துவிட்டால் டெக் அமுங்கும். கழிப்பறைக் கதவு நிலையில் இடித்து மூடாமல் நிற்கும். கதவின் மேல்விளிம்பை யாராவது இழைத்துச் சின்னதாக்கியிருந்தால் அதுவும் இதே சேதியைத்தான் சொல்கிறது. வெளியே வந்து, பாய்மரத்தின் அடியில் ஒரு நேரான சட்டத்தைக் குறுக்காக வையுங்கள். சட்டத்துக்கும் டெக்குக்கும் நடுவே பள்ளம் தெரிந்தால் விலையைப் பற்றிப் பேசும் முன் மறுபடி யோசியுங்கள்.

தடுப்புச் சுவர்கள் படகின் உடலோடு சேரும் ஓரத்தில் ஃபைபர் பட்டைகள் ஒட்டியிருக்கும். அவை மரத்திலிருந்து பிரிந்து நிற்கின்றனவா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். பிளைவுட்டின் அடிமூலையை ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்துங்கள். கருத்து, மெத்தென்று உள்ளே போனால் உளுத்தது.

சுக்கானை இரு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். சிறிது ஆட்டம் இருந்தால் புஷ் என்ற உள்வளையத்தை மாற்றினால் போதும். பெரிய கவலை உள்ளே இருக்கிறது. பழைய ஃபைபர் சுக்கான்கள் பலவும் இரண்டு ஓடுகள், நடுவே நுரை, அதற்குள் எஃகுச் சட்டம் என்ற அமைப்பில் இருக்கும். தண்ணீர் உள்ளே புகுந்து, வெல்டிங் செய்த சட்டத்தை யாருக்கும் தெரியாமல் அரித்துவிடும். கரையில் நிற்கும் சுக்கானின் அடிவிளிம்பிலிருந்து பழுப்பு நிறத்தில் நீர் கசிந்தால் அதைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

கீலில் துரு வழிகிறது. ஆபத்தா?

வார்ப்பிரும்புக் கீலின் மேற்பரப்பில் துரு இருப்பது இயல்பு. சுரண்டி, எபாக்ஸி பிரைமர் அடித்தால் தீர்ந்தது. கீலும் படகின் உடலும் சேரும் இணைப்புக்கோட்டிலிருந்து துரு வழிந்தால் அது வேறு கதை. தண்ணீர் அங்கே புகுந்து போல்ட்களைத் தொட்டுவிட்டது என்று பொருள்.

சென்டாரில் தனியாகப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இரட்டைக் கீல் படகு, தண்ணீர் வற்றும் இடத்தில் இரு கால்களில் உட்கார்ந்துவிடும். அதற்காகவே பலர் வாங்குகிறார்கள். மூன்று டன் படகு வருடக்கணக்கில் கெட்டியான தரையில் நாளுக்கு இருமுறை அமர்ந்து எழும்போது, கீல்கள் வெளிப்பக்கமாக விரியப் பார்க்கும். கீல் பொருந்தும் அடித்திண்டு உடலோடு வளைந்து சேரும் இடத்தில் மயிரிழை விரிசல்கள் தோன்றும். தொடக்ககாலப் படகுகளில் உட்புறம் போதிய குறுக்குச் சட்டங்கள் இல்லை. அதனால் பலவற்றில் பின்னாளில் தரைப்பலகைக்குக் கீழே ஃபைபரில் குறுக்குச் சட்டங்கள் போட்டு வலுவேற்றியிருப்பார்கள். நீங்கள் பார்க்கும் படகில் அந்த வேலை நடந்திருக்கிறதா, ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். மென்மையான சேற்றில் கிடந்த படகுக்கு இந்தத் தொல்லை குறைவு.

படகு கீலின் மேல் நிற்கும்போது விரிசல் மூடிக்கொண்டு, பார்வைக்கு நன்றாகவே இருக்கும். கிரேன் பட்டையில் தொங்கும்போது பாருங்கள். ஒருவர் கீலின் அடியைப் பக்கவாட்டில் தள்ளட்டும்; மற்றவர் இணைப்புக்கோட்டில் டார்ச் அடித்துக் கவனிக்கட்டும். கோடு திறந்து மூடினால், அல்லது சொட்டுத் தண்ணீர் வெளியே வந்தால், அது விலைபேச்சில் தீர்கிற விஷயமல்ல. உள்ளே, கீல் நட்களைச் சுற்றித் துரு ஏடு ஏடாக உரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு போல்டையாவது கழற்றிப் பார்ப்பதுதான் வழி. போல்ட் நடுவில் மட்டும் பென்சில் போல் மெலிந்திருப்பதை மேலேயுள்ள நட்டை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஆஸ்மாசிஸ் இருக்கிறதாம். ஓடிவிட வேண்டுமா?

வேண்டாம். ஃபைபரின் வெளிப்பூச்சான ஜெல்கோட் வழியாக ஈரம் ஊடுருவி, உள்ளே சரியாக இறுகாத ரசாயனங்களோடு கலந்து அமிலநீராக மாறிக் கொப்புளம் எழுப்புவதுதான் ஆஸ்மாசிஸ். கொப்புளத்தைக் குத்தினால் பிசுபிசுப்பான நீர் வரும். வினிகர் வாசம் அடிக்கும். குத்தும்போது கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், உள்ளே அழுத்தம் இருக்கும்.

1970, 80களில் கட்டிய படகுகளின் அடிப்புறம் இப்போதைய படகுகளைவிடத் தடிமன் அதிகம். நாற்பது, ஐம்பது வருடப் படகில் சில கொப்புளங்கள் இருப்பதால் அது மூழ்கிவிடப் போவதில்லை. சிதறலாக இருந்தால் ஒவ்வொன்றையும் தோண்டி, நன்னீரால் பலமுறை கழுவி, காயவிட்டு, எபாக்ஸியால் நிரப்பலாம். அடிப்புறம் முழுக்கப் பரவியிருந்தால் ஜெல்கோட்டைச் சீவி எடுத்து, மாதக்கணக்கில் உலர்த்தி, எபாக்ஸி பல கோட் பூச வேண்டும். யார்டிடம் கொடுத்தால் இந்த வகைப் படகின் விலையையே தாண்டிவிடும். 2,000 பவுண்டு படகுக்கு அதைச் செய்பவர்கள் அரிது; பேரத்தில் பயன்படுத்திக்கொண்டு, அப்படியே ஓட்டுவார்கள்.

ஈரமானி காட்டும் எண்ணை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். நேற்றுத் தண்ணீரிலிருந்து தூக்கிய படகில் அளவு எகிறத்தான் செய்யும்.

டெக்கில் நடந்தால் மெத்தென்று அமுங்குகிறது. பெரிய வேலையா?

ஆம். அடிப்புறத்து ஆஸ்மாசிஸைவிட இதற்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும். பல படகுகளில் டெக் என்பது இரண்டு மெல்லிய ஃபைபர் தோல்கள், நடுவே பால்சா மரம் அல்லது பிளைவுட். கம்பித்தூண், கிளீட் (கயிறு கட்டும் கொம்பு), கைப்பிடி எதையாவது திருகிய துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் நடுமரம் ஊறி மக்கிவிடும். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் ‘டக் டக்’ என்று கணீரென ஒலிக்கும். ஊறிய இடத்தில் ‘பொத்’தென்று கேட்கும். எல்லையைச் சாக்பீஸால் வரைந்து, போட்டோ எடுத்து வையுங்கள்.

உள்ளங்கை அகலத்தில் ஒன்றிரண்டு இடமென்றால் ஒரு வார இறுதி வேலை. ஒரு சதுர மீட்டருக்கு மேல் என்றால், மேல்தோலை அறுத்தெடுத்து, மக்கியதைச் சுரண்டி, புதிய பால்சா பதித்து, ஃபைபர் போர்த்தி, தேய்த்து, வழுக்காத பெயின்ட் அடிக்க வேண்டும். மழை பெய்யும் நாட்டில் மேலே கூடாரம் போடாமல் இது நடக்காது. துளை போட்டு எபாக்ஸி ஊற்றினால் போதும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்; ஈரமரத்தில் எபாக்ஸி ஒட்டாது.

எஞ்சின் ‘ஓடும்’ என்கிறார் விற்பவர். எப்படி நம்புவது?

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே பார்க்கும்படி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். போனதும் எஞ்சின் பிளாக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் யாரோ உங்களுக்கு முன்பே சிரமப்பட்டு ஓட்டிவைத்திருக்கிறார்கள். அன்றைக்குப் பார்க்க வேண்டாம், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

முதலில் ஆயில் குச்சி. ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஸ்டார்ட் ஆனதும் புகை: கருப்பென்றால் காற்று போதவில்லை, இன்ஜெக்டர் கெட்டிருக்கிறது, அல்லது புரொப்பெல்லரில் சிப்பி மொய்த்துப் பாரம் கூடியிருக்கிறது. நீலமென்றால் ஆயில் எரிகிறது, பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன. வெள்ளையென்றால் எரியாத டீசல். சூடேறிய பிறகும் நிற்காமல் ஆவியாக வந்தால் ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். கூடவே சைலன்ஸர் குழாயிலிருந்து தண்ணீர் விட்டுவிட்டுப் பீய்ச்ச வேண்டும். வரவில்லையென்றால் உடனே நிறுத்துங்கள். இம்பெல்லர் (குளிர்நீர்ப் பம்பின் ரப்பர் சக்கரம்) உடைந்திருக்கலாம், அது 20, 30 பவுண்டு வேலை. வெளியேற்றக் குழாயின் வளைவு கரியும் உப்பும் சேர்ந்து அடைத்திருந்தால் கழற்றித்தான் பார்க்க வேண்டும். அரைமணி நேரமாவது, கியர் போட்ட நிலையில் ஓட விடுங்கள். கரையில் நிற்கும் படகென்றால் கியர் போடாமல், குளிர்நீர்க் குழாயை வாளித் தண்ணீருக்குள் விட்டு ஓட்டலாம்.

ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றால், கையால் சுழல்கிறதா என்பதுதான் கேள்வி. சென்டார்கள் பலவற்றில் வந்த வோல்வோ பென்டா எம்டி2பி, இரண்டு சிலிண்டர், 25 குதிரைத்திறன். சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் அதன் டிகம்ப்ரஷன் நெம்புகோல்களைத் தூக்கிவிட்டுக் கைப்பிடியால் சுற்றினால் எஞ்சின் உருள வேண்டும். உருண்டால் நம்பிக்கை உண்டு. உருளவில்லையென்றால் சிலிண்டருக்குள் துரு பிடித்து இறுகிவிட்டது. இன்ஜெக்டர் துளை வழியாக ஊடுருவும் எண்ணெயை ஊற்றி வாரக்கணக்கில் விட்டால் சில எஞ்சின்கள் அசையும். அசைந்தாலும் துருப்பிடித்த வளையங்களோடு பழைய சக்தி வராது.

இந்த எஞ்சினைக் கடல்நீரே நேராகக் குளிர்விக்கிறது. பிளாக்குக்குள் உப்பும் துருவும் படிந்து, நீர்வழி வருடத்துக்கு வருடம் குறுகும். அதைவிடக் கொடியது குளிர்காலம்: தண்ணீரை வடிக்காமல் விட்டால் உறைந்து பிளாக்கையே பிளந்துவிடும். எஞ்சினின் பக்கவாட்டில் நேர்கோடாகத் துரு வழிந்திருந்தால் அந்த இடத்தைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள்.

மாற்று எஞ்சின் என்றால் பீட்டா, நான்னி, யன்மார் போன்றவற்றில் சிறிய டீசல் ஒன்று, பொருத்தும் கூலியோடு 8,000 முதல் 12,000 பவுண்டு. எஞ்சின் மட்டும் மாறாது. தாங்கு சட்டத்தின் அகலம், புரொப்பெல்லர், வெளியேற்றக் குழாயின் விட்டம், கன்ட்ரோல் கேபிள் எல்லாம் சேர்ந்து மாறும். செகண்ட் ஹேண்ட் அவுட்போர்டைப் பின்னால் மாட்டிச் சமாளிக்கலாமா? ஆறு, ஏரியில் சரி. அலையில் படகின் பின்புறம் எழும்போது புரொப்பெல்லர் காற்றில் சுழலும்.

படகில் சேல்டிரைவ் (எஞ்சினிலிருந்து படகின் அடித்துளை வழியாக நேராகக் கீழே இறங்கிப் புரொப்பெல்லரைச் சுழற்றும் அமைப்பு) இருந்தால் ஒரு கூடுதல் கேள்வி கேளுங்கள்: அந்தத் துளையை அடைக்கும் ரப்பர் டயஃப்ரம் எப்போது மாற்றினீர்கள்? வோல்வோ ஏழு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. மாற்ற எஞ்சினை முன்னுக்கு நகர்த்தியோ தூக்கியோ ஆக வேண்டும். அதனாலேயே பலர் தள்ளிப்போட்டிருப்பார்கள்.

கம்பிகள் பளபளவென்றுதான் இருக்கின்றன. எதற்கு மாற்ற வேண்டும்?

ஸ்டெயின்லெஸ் எஃகு வெளியே பளபளத்துக்கொண்டே உள்ளே அரிக்கும். காற்றுப் படாத ஈரமான இடுக்கில்தான் அரிப்பு தொடங்கும்: கம்பி அதன் நுனியில் உள்ள டெர்மினலுக்குள் நுழையும் இடம், கம்பியைப் படகோடு பிணைக்கும் செயின்பிளேட் என்ற தகடு டெக்கின் வழியாக இறங்கும் இடம். கம்பியை ஒரு டிஷ்யூ தாளால் மேலிருந்து கீழாக வழியுங்கள்; தாள் மாட்டிக் கிழிந்தால் ஓர் இழை அறுந்திருக்கிறது. அது போதும், அந்தக் கம்பி கணக்கில் இல்லை. காப்பீட்டு நிறுவனங்கள் 10 முதல் 15 வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது வழக்கம். மாற்றிய தேதிக்கு ரசீது இல்லையென்றால் மாற்றவேயில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பாய்களில் துணிக்கு முன்பே தையல்தான் வெயிலில் போகும். தையலை நகத்தால் கீறிப் பாருங்கள். நூல் பொடியாக உதிர்ந்தால் மறுதையல் வேண்டும். கீறலில் துணியும் விட்டுக்கொடுத்தால் அந்தப் பாய் கொட்டகைக்குத்தான் ஆகும்.

சீகாக்குகளைப் பற்றி ஏன் எல்லோரும் எச்சரிக்கிறார்கள்?

நீர்மட்டத்துக்குக் கீழே படகின் உடலில் உள்ள துளைகளை மூடும் வால்வுகள் அவை. 38 மில்லிமீட்டர் துளை ஒன்று, நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே திறந்துவிட்டால் நிமிடத்துக்குச் சுமார் 140 லிட்டர் உள்ளே வரும். சிறிய படகின் மின்பம்பு அதில் பாதியைத் தள்ளினால் பெரிது.

பழைய படகுகளில் வீட்டுக் குழாய்க்கான பித்தளை கேட் வால்வுகளைப் பொருத்தியிருப்பார்கள். கடல்நீரில் பித்தளையின் துத்தநாகம் கரைந்துபோய், பஞ்சுபோன்ற செம்பு மட்டும் மிஞ்சும். கத்தியால் சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு தெரியும். கைப்பிடியைத் திருகிப் பாருங்கள், ஆனால் படகு தண்ணீரில் இருக்கும்போது பலமாகத் திருகாதீர்கள், கையோடு வந்துவிடும். இவற்றை யோசிக்காமல் மொத்தமாக மாற்றிவிடுங்கள். வெண்கலம், டிஇசட்ஆர் பித்தளை (துத்தநாகம் கரையாத வகை), அல்லது கடலுக்கென்றே செய்த கலப்பு பிளாஸ்டிக் எதுவும் சரி. ஒவ்வொரு குழாய்க்கும் இரண்டு கிளிப்.

புரொப்பெல்லரையும் இதே கண்ணோடு பாருங்கள். தட்டினால் மணிபோல் ஒலிக்க வேண்டும். பக்கத்திலுள்ள துத்தநாகக் கட்டி பாதி கரைந்திருந்தால் நல்லது. பல வருடமாகியும் புதிதுபோலவே இருந்தால் அது மின்தொடர்பில் இல்லை, வேறேதோ கரைந்துகொண்டிருக்கிறது.

மின்சாரம், காஸ்?

வயரின் நுனியை உரித்துப் பாருங்கள். செம்பு கருத்திருந்தால் அந்த ஒயர்களைப் பழுது பார்ப்பதைவிடப் புதிதாக இழுப்பதே மலிவு. காஸ் ரப்பர் குழாயில் தயாரிப்பு ஆண்டு அச்சிட்டிருக்கும். ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மாற்றுங்கள். சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடியிலிருந்து வெளிக்கடலுக்கு வடிகால் இருக்க வேண்டும், ஏனென்றால் கசியும் காஸ் காற்றைவிடக் கனமானது, அடிக்குழியில் போய்த் தேங்கும்.

உள்கூரைத் துணி தொங்குகிறது, தூள் கொட்டுகிறது. என்ன இது?

வெஸ்டர்லி படகுகளின் பேர்பெற்ற வியாதி. நுரை ஒட்டிய வினைல் துணியைக் கூரையில் பசையால் ஒட்டியிருந்தார்கள். காலப்போக்கில் நுரை மக்கிப் பொடியாகிவிட்டது. படகின் வலுவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. துணியை இழுத்தால் வந்துவிடும். ஃபைபரில் ஒட்டிய பழைய நுரைப்பிசினைச் சுரண்டுவதுதான் உயிரை வாங்கும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, டிரில்லில் நைலான் பிரஷ் மாட்டித் தேய்க்கலாம். பிறகு புதிய துணியை நேராக ஒட்டுவதைவிட, மெல்லிய பிளைவுட் பலகைகளில் சுற்றித் திருகினால் அடுத்த முறை டெக் போல்ட்டைத் தொட வசதியாக இருக்கும். பொருள் சில நூறு பவுண்டுதான். வார இறுதிகள் பல போகும். விற்பவருக்கு இது அவமானமாகவும் வாங்குபவருக்கு நல்ல பேரமாகவும் அமையும் குறை.

சர்வே அவசியமா? 1,500 பவுண்டு படகுக்கு 500, 600 பவுண்டு சர்வேயா?

மேலே சொன்னவற்றை நீங்களே பார்த்து, படகு தேறிய பிறகு, அவசியம். விற்பவரோ தரகரோ சொல்லும் ஆளை வைக்காமல் நீங்களே தேர்ந்தெடுங்கள். படகு கரையில், அடிப்புறம் கழுவிய நிலையில் இருக்க வேண்டும். சர்வேயர் எதையும் பிரித்துப் பார்க்க மாட்டார். கீல் போல்ட்டைக் கழற்ற மாட்டார், பாய்மரத்தில் ஏற மாட்டார், எஞ்சினை மேலோட்டமாகத்தான் பார்ப்பார். எஞ்சினுக்குத் தனியாக மெக்கானிக்கை அழைத்துக்கொள்ளுங்கள். தரகர் வழி வாங்கினால் வழக்கமாக 10 சதவீத முன்பணம் கட்டி, ‘சர்வேக்கு உட்பட்டது’ என்று ஒப்பந்தத்தில் எழுதுவார்கள். அந்த வரி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அறிக்கைக்கு இன்னொரு பயனும் உண்டு. இந்த வயதுப் படகுக்கு முழுக் காப்பீடு கேட்டால் நிறுவனங்கள் கரையில் செய்த சர்வேயைக் கேட்கும். அதில் சொன்ன அவசர வேலைகளை முடித்த பிறகே காப்பீடு செல்லும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமென்றால் பெரும்பாலும் சர்வே இல்லாமல் கிடைக்கும். அதுகூட இல்லாத படகை மரீனாக்கள் (உல்லாசப் படகுத்துறைகள்) உள்ளே விடுவதில்லை.

காகிதங்களில் எதைப் பார்க்க வேண்டும்?

கிரையப் பத்திரங்கள் ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குத் தொடர்ச்சியாக வந்திருக்க வேண்டும். ‘எஸ்எஸ்ஆர்’ (சிறு கப்பல் பதிவேடு) எண்ணைக் காட்டி இதுதான் உரிமைச் சான்று என்பார்கள். அல்ல. பிரிட்டிஷ் கப்பல் பதிவேட்டின் மூன்றாம் பகுதியான அது, உரிமையை நிரூபிக்காது, படகின்மேல் அடமானம் இருந்தாலும் காட்டாது. முதல் பகுதியில் பதிவான படகு என்றால் அடமானத்தைத் தேடிப் பார்க்கலாம்.

படகின்மேல் யார்டு பாக்கி இருந்தால், பணம் வரும்வரை படகைத் தர மாட்டேன் என்று யார்டு பிடித்துவைக்கலாம். பாக்கி எதுவுமில்லை என்று யார்டு அலுவலகத்திடமே எழுதி வாங்குங்கள். யார்டே கைவிடப்பட்ட படகை விற்கிறது என்றால், 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமையாளருக்கு முறையாக நோட்டீஸ் அனுப்பியதற்கான நகலைக் கேளுங்கள்.

வாட் வரி: 1985 ஜனவரி 1க்கு முன்பே பயன்பாட்டில் இருந்து, 1992 டிசம்பர் 31 அன்று ஐரோப்பியச் சமூக நாடுகளின் கரையில் நின்ற படகை, வரி கட்டியதாகவே கருதுவார்கள். சென்டார் எல்லாமே 1980க்குள் கட்டியவை என்பதால், அன்று அது எங்கே நின்றது என்பதற்கு ஒரு பழைய மூரிங் ரசீது (படகைக் கட்டிவைத்த இடத்துக்கான ரசீது) இருந்தால் பத்திரப்படுத்துங்கள். பிரான்ஸ் பக்கம் போகும் எண்ணம் இருந்தால், பிரெக்சிட் மாற்றக்காலம் முடிந்த 2020 டிசம்பர் 31 அன்று படகு எந்தக் கரையில் இருந்தது என்பதையும் கேட்டுவையுங்கள்.

மரப்படகு, எஃகுப் படகு, ஃபெரோசிமென்ட்?

தச்சுவேலை தெரியாதவருக்குக் கவனிப்பாரற்ற மரப்படகு வேண்டாம். எஃகென்றால் அல்ட்ராசவுண்ட் தடிமன் அளவீடு இல்லாமல் பேச்சே வேண்டாம். துரு உள்ளிருந்துதான் வரும். ஃபெரோசிமென்டுக்கு (கம்பிவலையில் சிமென்ட் பூசிக் கட்டிய படகு) காப்பீடு கிடைப்பதும் திரும்ப விற்பதும் கடினம்.

இலவசமாகவே தருகிறார்கள். நஷ்டம் என்ன?

கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து யார்டு வாடகை உங்களுடையது. கைவிட நினைத்தால் 26 அடி ஃபைபர் படகை உடைத்து அப்புறப்படுத்த 2,000 பவுண்டு அளவுக்கு ஆகும். வேறிடம் கொண்டுபோக இரண்டு முனையிலும் கிரேன், நடுவில் லாரி, பாய்மரத்தை இறக்கும் கூலி. அந்தத் தொகை விற்பவருக்கும் தெரியும், அதனால்தான் இலவசம். பாய்மரமும் எஞ்சினும் தேறும் நிலையில் இருந்தால் மட்டும் எடுங்கள்.

பேரம் பேச நல்ல காலம் எது?

அக்டோபர். பருவம் முடிந்து, குளிர்கால வாடகை ரசீது உரிமையாளர் கைக்கு வரும் நேரம். ஏப்ரலில் அதே படகுக்கு விலை ஏறும். மொத்தத் தொகையைக் குறைக்கச் சொல்வதைவிட, ‘சீகாக் ஐந்து, கம்பிகள் முழுவதும், இதோ விலைப்பட்டியல்’ என்று எழுதிக் காட்டினால் பேச்சு எளிதாக நகரும். வாங்குமுன் யார்டிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: உரிமையாளர் தானே வேலை செய்யலாமா, வெளி மெக்கானிக்கை அழைத்துவர விடுவீர்களா? இரண்டுக்கும் மறுக்கும் இடங்கள் உண்டு.

வாங்கியாகிவிட்டது. எந்த வேலையை முதலில் தொடங்க?

தண்ணீர் உள்ளே வருவதை நிறுத்துங்கள். காக்பிட் வடிகாலைத் திறந்து, மேலே சாய்வாகத் தார்ப்பாய் கட்டி, இருபுறமும் காற்றுக்கு வழி விடுங்கள். மெத்தை, துணி எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். அடுத்து எஞ்சின்: எண்ணெய், ஃபில்டர், இம்பெல்லர், பழைய டீசலை உறிஞ்சி எடுத்து, டேங்கின் அடியில் கருப்புக் குழம்பு இருந்தால் டேங்கையே கழுவுங்கள். மூன்றாவது, கரையில் நிற்கும்போதே சீகாக்குகள்.

அடிப்பெயின்டைச் சுரண்டும்போது ஒருபோதும் உலர்ந்த நிலையில் எமரி போட்டுத் தேய்க்காதீர்கள். சிறு படகுகளுக்கு டிபிடி (டிரைபியூட்டைல்டின் என்ற நச்சுப்பொருள்) கலந்த பெயின்டை பிரிட்டன் 1987இல் தடைசெய்தது. அதற்கு முந்தைய அடுக்குகள் இந்தப் படகுகளின் அடியில் இன்னமும் இருக்கலாம். ஈரத்தோடு சுரண்டுங்கள், கீழே பிளாஸ்டிக் விரித்து, உதிர்வதை யார்டின் நச்சுக்கழிவுத் தொட்டியில் போடுங்கள்.

உள் அலங்காரம் கடைசியில். மெத்தை உறைக்குத் துணி தேர்ந்தெடுப்பதில் தொடங்குபவர்களின் படகுதான் இரண்டு வருடம் கழித்து மறுபடி விற்பனைப் பலகையில் வரும். முதல் முறை தண்ணீரில் இறக்கும்போது கிரேன் ஓட்டுநரிடம் பட்டையை உடனே அவிழ்க்க வேண்டாமென்று சொல்லி, தரைப்பலகைகளைத் திறந்து, ஒவ்வொரு சீகாக்கையும் புரொப்பெல்லர் தண்டின் சீலையும் காகிதத் துணியால் துடைத்துத் துடைத்துப் பதினைந்து நிமிடம் பாருங்கள். பழைய வகைத் தண்டு சீல் சொட்டுச்சொட்டாகக் கசியலாம். வேறெங்கும் ஈரம் தெரிந்தால் அந்தப் பட்டையிலேயே மேலே தூக்கச் சொல்லுங்கள்.